பத்தொன்பதாவது எலெக்ட்ரான்

9-6-1959
ஆவுடைத்தாய் டீச்சர் எழுதிய ரசாயனப் புத்தகம் எங்கள் அச்சகத்துக்கு வந்திருக்கிறது. மூன்றாம் பாரத்தின் பதினாறு பக்கத்துக்கும் புரூப் பார்த்தேன். அணுவுக்குள் எலெக்ட்ரான்கள் வட்டம் வட்டமாக இருக்கின்றனவாம். முதல் வட்டத்தில் இரண்டு, அடுத்ததில் எட்டு, மூன்றாவதில் பதினெட்டுக்கு இடம். கடைசி வட்டத்தில் எத்தனை என்று எண்ணினால், அந்தப் பொருள் எதனோடு சேரும் என்று சொல்லிவிடலாம். கல்யாணத் தரகர்களுக்கு ஒரு பிரதி இலவசமாகக் கொடுக்கலாம்.

10-6
பொட்டாசியத்துக்குப் பத்தொன்பது எலெக்ட்ரான். டீச்சர் 2, 8, 8, 1 என்று எழுதியிருக்கிறார். மூன்றாவது பந்தியில் பத்து இலை காலியாகக் கிடக்க, நாலாவது பந்தி போட்டு ஒருவனை மட்டும் உட்காரவைப்பது எந்த ஊர் வழக்கம்? 2, 8, 9 என்று திருத்தினேன். டீச்சர் ஊரில் இல்லை. அதனால் என்ன, இருபத்திரண்டு வருஷமாகப் புரூப் பார்க்கிறேன்.

13-6
அந்தப் பாரம் ஆயிரம் பிரதி அச்சேறியது.

20-6
டீச்சர் வந்தார். அச்சான பாரத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "பிள்ளைங்க இதத்தான மனப்பாடம் பண்ணி பரீட்சையில எழுதும்."

முதலாளி கிதிர் முகம்மது என்னைப் பார்த்தார். "என்னவே, ஆண்டவன் போட்ட கணக்கையும் திருத்திட்டீரோ? மறுபடி அடிச்சுக் குடுத்துட்டு, நீரு வேற எடம் பாத்துக்கிடும்."

நாற்பத்தேழு வயதில் வேறு எங்கே போவேன்?

டீச்சர் கேட்டது ஒன்றுதான். "எதுக்கு சார் திருத்துனிய?" பந்தியைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வாங்க. முதலாளி, நீங்களும்."

21-6
சாரல். சோதனைச் சாலையில் நாங்கள் மூவர்தான். மண்ணெண்ணெய்ப் புட்டியிலிருந்து டீச்சர் பொட்டாசியக் கட்டி ஒன்றை எடுத்து, கத்தியால் பயறளவு நறுக்கினார். உலோகம், வெண்ணெய்போல் அறுபட்டது. தட்டுத் தண்ணீரில் போட்டார்.

தண்ணீரில் தீ. கத்தரிப்பூ நிறத்தில், சீறிக்கொண்டு, தட்டு முழுக்க ஓடி — ஒன்றுமில்லாமல் போனது. தண்ணீர் தீயை அணைக்கும் என்றல்லவா இத்தனை நாள் இருந்தேன்?

"தனியா இருக்கான்லா, அந்த ஒருத்தன் பண்ணுத வேல இது. எப்பம் கிளம்பலாம்னு இருக்கான். நீங்க அவன ஒம்பதாவது ஆளா உள்ள உக்காத்திட்டிய."

"மூணாவதுல எடம் கெடக்கே, டீச்சர்?"

"கெடக்கு. நாலாவதுல ரெண்டு பேரு உக்காந்த பெறகுதான் அது நெறையும். அதுக்கு மேல உள்ள கணக்கு எனக்கும் வராது."

முதலாளி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு துண்டு போடுங்க டீச்சர்."

வீட்டில் வாழைப்பழத்தை உரித்தேன். அதிலும் பொட்டாசியம் உண்டாம். தென்காசியிலும் நட்சத்திரத்திலும் அதே 2, 8, 8, 1. எண்ணி வைத்தது யார்? ஓரிடத்தில்கூட அச்சுப்பிழை இல்லை. வெகுநேரம் பழத்தைச் சாப்பிடவில்லை.

23-6
பாரத்தை மறுபடி அடித்தோம். வேறு இடம் பார்க்கும் பேச்சை முதலாளி எடுக்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

4-7
கடைசிப் பாரம், பயிற்சி வினாக்கள். டீச்சர் கையால் ஒன்று சேர்த்திருக்கிறார்: 'பொட்டாசியத்தின் அமைப்பு 2, 8, 9 என்கிறார் ஒருவர். அவர் அப்படி நினைக்கக் காரணம் என்ன? அது ஏன் தவறு?' இரண்டு மதிப்பெண்.

ஐந்து தரலாம் என்று எனக்குத் தோன்றியது. கை வைக்கவில்லை. சாயங்காலம் போய் டீச்சரிடம் கேட்க வேண்டும்.