எடுத்துப் போகிறவன் அணைக்க வேண்டிய பெட்டி

சத்தத்தைக் குறைக்கவே தெரியாத என் மச்சான் குமரேசனுக்கு,

பெட்டி என் வீட்டுக்கு வந்துவிட்டது. முதலில் இதைச் சொல்லாவிட்டால் மற்ற எதையும் நீ காதில் வாங்க மாட்டாய். பட்டாபிராம் ஃபிளாட்டில், ஜன்னலோரம், பழைய இடத்தில்தான் வைத்திருக்கிறேன். சிவப்பு விளக்கு எரிகிறது.

நம்மைப் பைத்தியம் என்று சொல்லாத ஆள் உண்டா? பழைய சாமான் கடையில் ஒரே நேரத்தில் கை வைத்தோம் என்பதற்காக, இந்தப் பெட்டியை, ஒரு பழைய ஜப்பான் பிரீஆம்ப்பை, பாதிப் பாதியாக வாங்கினோம். மாதம் ஒரு வீடு என்று பன்னிரண்டு வருடம் சுமந்தோம். நீ ஸ்கூட்டர் ஓட்டுவாய், நான் பின்னால் அதை மடியில் வைத்திருப்பேன். மேடு வந்தால் "ஸ்பீடு பிரேக்கரு, தூக்கிக்கோ மாமே!" என்று கத்துவாய்.

ரெக்கார்டிலிருந்து வரும் மெல்லிய ஒலியை வாங்கி, கெடுக்காமல் ஆம்ப்ளிஃபயரிடம் கொடுப்பதுதான் அதன் வேலை. அதற்கு ஏன் இத்தனை கனம் என்று என் மனைவி இன்றுவரை கேட்கிறாள். ஆனால் அந்த வால்யூம் குமிழைத் திருப்பிப் பழகிய விரல் வேறொன்றைத் தொடுமா?

முதல் மாதச் சண்டை நினைவிருக்கிறதா? நீ அணைத்து, கட்டிக் கொடுத்தாய். என் வீட்டில் இடப்பக்க ஸ்பீக்கர் ஊமை. "எங்க ஊட்ல நல்லாத்தான் பாடிச்சு, நீதான் எங்கியோ இடிச்சுட்ட" என்று நீ குதிக்க, நானும் குதிக்க, மூன்று வாரம் பேச்சில்லை. கடைசியில் பார்த்தால் ஒயர் சரியாகச் செருகவில்லை. செருகியது நான்தான், இப்போது ஒப்புக்கொள்கிறேன். அன்று பழியைப் பக்கத்து வீட்டுப் பூனைமேல் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் நம் சட்டம் வந்தது. கொடுக்கிறவன் அணைக்கக் கூடாது. எடுத்துப் போகிறவன் வந்து, உட்கார்ந்து, ஒரு ரெக்கார்டு முழுக்கக் கேட்டு, தன் கையால் அணைத்து எடுத்துப்போக வேண்டும். அதுவரை விளக்கு எரியும்.

மாரடைப்பில் நீ போன அன்று பெட்டி உன் வீட்டில் இருந்தது. ஒன்றாம் தேதி நான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. துக்க வீட்டில் போய் 'என் மாதம்' என்று எப்படி நிற்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரிய மனிதன் என்று நினைப்பு. உண்மை வேறு மச்சான். நீ இல்லாத அந்த ஹாலில் அதைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. நான்கு மாதம் அப்படியே போயிற்று.

போன ஞாயிறு காலை துணிந்து பூந்தமல்லிக்கு வந்தேன். மெட்ரோ தூணுக்கு அருகே உன் வெல்டிங் கடையை உன் தம்பி நன்றாகவே நடத்துகிறான், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். உன் மனைவி செல்விதான் கதவைத் திறந்தாள்.

"இன்னாண்ணா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

அவளுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு தெரிந்தது. "இன்னும் எரியுதேம்மா, அணைச்சிருக்கலாமே" என்றேன்.

"நா எப்டிண்ணா அணைப்பேன்? எடுத்துகினு போறவர்தான் அணைக்கணும்னு அவரு சொல்லிகினே இருப்பாரு. பதினாறாம் நாளு எங்க மாமியாரு அணைக்கப் போனாங்க, நா உடல. ஆன்ல கீற பொட்டிய உட்டுட்டு எப்டிப் போறதுன்னு, குத்தம்பாக்கத்துல எங்கம்மா ஊட்டுக்குகூட போவல. இன்னிக்கு வருவீங்க, நாளிக்கு வருவீங்கன்னு ஒக்காந்துகினு கீறேன்."

என் நாசூக்கு அவளை நான்கு மாதம் வீட்டோடு கட்டிப்போட்டிருக்கிறது. "தப்புதாம்மா" என்றேன்.

உன் நாதஸ்வர ரெக்கார்டை அவளே துடைத்து வைத்தாள். குமிழைத் திருப்பினாள். நீ நிறுத்தும் இடத்துக்கு ஒரு நூல் முன்பாகவே நிறுத்தினாள்.

"அவரு எப்பவும் ஜாஸ்தி வெச்சுடுவாரு. இங்க வெச்சாத்தான் தவிலு தனியா கேக்கும்."

கோபித்துக்கொள்ளாதே, அவள் சொன்னது சரி. பன்னிரண்டு வருடம் சமையலறையில் இருந்தபடியே நம்மைவிட நன்றாகக் கேட்டிருக்கிறாள். ஒரு நாளாவது அவளை உட்காரச் சொன்னோமா?

ரெக்கார்டு முடிந்தது. நான் அழுதேன், அவள் அழவில்லை. என் கையால் அணைத்தேன். பழைய புடவையில் பெட்டியைச் சுற்றிக்கொண்டு ஆட்டோ பிடிக்கக் கிளம்பியவனை நிறுத்தினாள். "ஆட்டோல குலுக்கும்ணா. நா வண்டி எடுக்குறேன், பின்னாடி ஒக்காருங்க." உன் ஸ்கூட்டர்தான். ஆவடி ரோட்டில் ஏறியதும் திரும்பாமலே கத்தினாள்: "ஸ்பீடு பிரேக்கருண்ணா, தூக்கிக்கோ!"

தூக்கிக்கொண்டேன் மச்சான். வீடு வரும்வரை ஒவ்வொரு மேட்டிலும்.

என் வீட்டில் காபி குடித்துவிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னாள். "ஒண்ணாந்தேதி வருவேன். அவரு மாசம் இனிமே எனுது. நாந்தான் அணைப்பேன்." பிறகு அப்படியே குத்தம்பாக்கத்துக்கு, அம்மா வீட்டுக்கு வண்டியை விட்டாள்.

அவள் வரும்போது விளக்கு எரியும். அணைப்பது அவள் கை. அதற்கடுத்த ஒன்றாம் தேதி, மழையானாலும் வெயிலானாலும், காலையிலேயே உன் வாசலில் நிற்பேன். இனி ஒரு நாள்கூட அவளைக் காத்திருக்க வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் பாதிப் பெட்டிக்காரன், செல்வியின் கூடப்பிறக்காத அண்ணன்,
சங்கரன்