உத்தி பிரிக்கும் மைதானம்

கோவை
19.1.2025

அன்புள்ள லோகுவுக்கு,

கயல் எழுதுவது. நீயும் சுரேந்தர் அண்ணனும் ரித்திகாக் குட்டியும் சௌக்கியம்தானே? போன் போட்டால் உங்கள் பனியன் கம்பெனி மிஷின் சத்தம்தான் முதலில் கேட்கிறது. பாதியில் “அப்புறம் பேசறேன் கண்ணு” என்று வைத்துவிடுகிறாய். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் லீவில் எழுதிக்கொண்ட மாதிரி எழுதினால்தான் நீ கடைசி வரை கேட்பாய்.

கோடை முகாமுக்கு இரண்டு மாசத்துக்கு என்று மாநகராட்சியில் என்னை எடுத்தார்கள் அல்லவா? ஒரு விசிலும் ஒரு வாலிபாலும் கொடுத்து அனுப்பினார்கள். இப்போது ஏழு மைதானத்து மாலை விளையாட்டு என் பொறுப்பு. பெண் பிள்ளைகளுக்காகப் பூட்டிக் கிடந்த கழிப்பறையைத் திறக்க வைக்கவே வருஷக்கணக்கில் நடந்தேன். ஏப்ரலில் கூட்டம் இருக்கிறது. பிள்ளைகள் விளையாட்டுக்கென்று தனிப் பிரிவு தொடங்கி என்னை அதற்குப் பொறுப்பாக்குவதா, இல்லை எல்லாவற்றையும் ஒரு தனியார் அகாடமியிடம் விட்டுவிடுவதா என்று அன்றைக்கு முடிவு செய்வார்கள். அகாடமி வந்தால் பீஸ் கட்டுகிற பிள்ளைகள்தான் உள்ளே வர முடியும். நான் விடுவதாக இல்லை.

தொண்டாமுத்தூர் ரோட்டில் உன் மாமியார் ஊர் மைதானத்தில்தான் ஆரம்பத்தில் பெரும்பாடு. ஊர்ப் பிள்ளைகள் ஒரு பக்கம், காலனிப் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று தானாகவே பிரிந்து நிற்பார்கள். நானும் காலனியில் இருந்து வந்தவள்தானே, பார்க்கப் பார்க்க எரிச்சலாக வரும். கடைசியில் நம் சின்ன வயசு உத்தியைக் கொண்டுவந்தேன். சமமாக விளையாடும் இரண்டு பேரை நான் சோடி சேர்ப்பேன். அவர்கள் தோளில் கை போட்டுத் தள்ளிப் போய் ஆளுக்கொரு பெயர் ரகசியமாக வைத்துக்கொண்டு வரவேண்டும். “யானை வேணுமா, ரயில் வேணுமா?” என்று கேட்டால் கேப்டன் ஒன்றைச் சொல்லி எடுத்துக்கொள்வான். மற்றது எதிர் அணிக்கு. தினமும் புது அணி. முதலில் முறைத்துக்கொண்டு போனவர்கள், இப்போது பெயர் வைக்கப் போய்ச் சிரித்துக்கொண்டே திரும்பி வருகிறார்கள்.

பதில் போடு.

உன்
கயல்விழி


திருப்பூர்
6.2.2025

என் கயலுக்கு,

லோகு எழுதுவது. உன் கடிதத்தை இவரிடமும் படித்துக் காட்டினேன். “உன்ற சிநேகிதி பெரிய ஆளாயிட்டாங்க” என்று வாய் நிறையச் சொன்னார். அங்கே எல்லாரையும் விரட்டிக்கொண்டு நீ சாப்பிடுகிறாயா இல்லையா என்பதை மட்டும் எழுத மாட்டாய். போன பொங்கலுக்கும் வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஒரு நல்ல சேதி. எங்கள் ஊர் மைதானத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் நம் கம்பெனியில் இருந்து ஜெர்சி தருகிறோம். உன் மண்டல அலுவலக சாரிடம் இவரே பேசிவிட்டார். ஊர்க்காரர் ஆதரவு இருக்கிறது என்று இவரிடம் ஒரு கடிதமும் வாங்கி உன் பைலில் வைத்துக்கொண்டாராம். துணி நானே பார்த்து எடுத்தது. மஞ்சளில் ‘ஊர் அணி’, நீலத்தில் ‘காலனி அணி’. ஊர் நோம்பித் திருவிழா மேட்ச்சுக்கு அடிக்கிற மாதிரியே பிரிண்ட் போடச் சொல்லிவிட்டேன். மார்ச்சில் விழா வைத்துக் கொடுத்துவிடலாம். உனக்குச் சந்தோஷம்தானே?

அன்புடன்
லோகப்பிரியா


கோவை
11.2.2025

லோகு,

உன் மனசு எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. அந்த ஜெர்சி எனக்கு வேண்டாம் கண்ணு. எதை அழிக்க நான் அந்த மைதானத்தில் இரண்டு வருஷமாக விசில் ஊதுகிறேனோ அதையே நெஞ்சில் அச்சடித்து அனுப்புகிறாய். நீ வேண்டுமென்று செய்யவில்லை. நோம்பி மேட்ச்சில் அப்படித்தான் நடக்கிறது, உங்களுக்கெல்லாம் அது கண்ணில் பட்டதே இல்லை. வெறும் மஞ்சளாக, வெறும் நீலமாக அனுப்பினால் கும்பிட்டு வாங்கிக்கொள்வேன்.

கோபித்துக்கொள்ளாதே.

கயல்


திருப்பூர்
20.2.2025

கயல்,

எல்லாம் அடித்து மடித்துப் பெட்டியில் போட்டாயிற்று. வேண்டாம் என்று இவரிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? உன் மேல் உள்ள ஆசையில் செய்ததற்கு இப்படியா எழுதுவாய்? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் சொல்லிவிட்டோம். உன் வேலைக்கும் இது உதவும். ஒரே ஒரு நாள் போட்டுக்கொள்ளட்டும். அப்புறம் நீ எப்படி வேண்டுமானாலும் விளையாட வை. ரித்திகாவுக்குப் பரீட்சை, விழாவுக்கு நான் வர முடியாது. இவர் மட்டும் வருவார். மரியாதையாக நடத்தி அனுப்பு.

லோகப்பிரியா


கோவை
17.3.2025

அன்புள்ள லோகு,

அண்ணன் வந்து சொல்லியிருப்பார். நான் சொல்வதையும் கேள்.

மண்டல அலுவலகத்தில் விழாவை முடிவு செய்துவிட்டார்கள், என்னால் தடுக்க முடியவில்லை. பிள்ளைகள் சட்டைக்கு மேல் ஜெர்சி மாட்டிக்கொண்டார்கள். அண்ணனுக்குச் சால்வை போட்டோம், கை தட்டினோம். அதுவரை ஒரு குறையும் வைக்கவில்லை. கால்பந்து ஆரம்பிக்கும்போது, தினமும் போல உத்திக்கு விசில் ஊதினேன். மஞ்சளும் நீலமும் தோளில் கை போட்டுப் போய்ப் பெயர் வைத்து வந்தார்கள். பிரித்து முடித்தால் இரண்டு அணியிலும் இரண்டு நிறமும் கலந்து கிடக்கிறது. எவன் எந்தப் பக்கம் என்று தெரியாமல் எதிராளிக்கே பந்தைப் போடுகிறார்கள், மைதானமே சிரிக்கிறது. கேப்டன் தேஜா தன் அணியை நிறுத்தி ஜெர்சியை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போடச் சொன்னாள். அப்புறம்தான் ஆட்டம் நடந்தது.

அண்ணன் எழுந்து வந்தார். “ஏனுங்க அம்மணி, நாங்க அடிச்ச பேரையே உள்ள திருப்பிப்போட்டீங்களே” என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. “மன்னிச்சுக்குங்கண்ணா. ஆனா ஊரு, காலனின்னு பிரிச்சு என்ற மைதானத்துல நிறுத்த மாட்டேனுங்க” என்றேன். கை எடுத்துக் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

நான் செய்தது சரிதான் லோகு. ஆனால் உன்னை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

கயல்


கோவை
24.4.2025

லோகு,

நீ பதில் போடவில்லை. போடாவிட்டாலும் சேதியைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அண்ணன் ஆதரவுக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கூட்டத்தில் அதைப் பற்றிக் கேட்டார்கள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். தனிப் பிரிவு இப்போதைக்கு இல்லை என்று தள்ளிவிட்டார்கள். அகாடமிக்கும் கொடுக்கவில்லை. இன்னும் ஒரு வருஷம் இதே ஒப்பந்தத்தில் நானே நடத்திக்கொள்ளலாம். வெளியே வந்து ஒரு டீ குடித்தேன், கொஞ்சம் அழுதேன். சாயங்காலம் மைதானத்துக்குப் போய்விட்டேன். மதுக்கரை ரோட்டில் எட்டாவது மைதானத்துக்கு இடம் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷம் கழித்து அதே பைலோடு மறுபடியும் போய் நிற்பேன்.

குட்டிக்கு முத்தம்.

கயல்


திருப்பூர்
9.5.2025

என் கயலுக்கு,

உன் மேல் கோபம் இருந்தது, பொய் சொல்லவில்லை. பேனாவை எடுப்பேன், திட்டத்தான் வரும், மூடி வைத்துவிடுவேன். இவர் இன்னும் உன் பேச்சை எடுத்தால் எழுந்து போகிறார். ஆனால் உன் வேலை எங்களால் தள்ளிப் போயிற்று என்று படித்ததும் என் கோபம் எனக்கே அசிங்கமாகிவிட்டது. ஹாஸ்டலில் உன் தட்டில் சாப்பிட்டவள் நான். என் கையாலேயே அந்த இரண்டு பெயரையும் எழுதி பிரிண்டுக்குக் கொடுத்திருக்கிறேன், ஒரு நிமிஷம் கூட உறுத்தவில்லை. நீ சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

ரித்திகாவுக்கு லீவு விட்டாயிற்று. மாமியார் ஊருக்கு வந்து கொஞ்ச நாள் இருக்கப் போகிறோம். சாயங்காலம் உன் மைதானத்துக்கு அனுப்புகிறேன் என்றேன். காலனிப் பிள்ளைகளோடா என்று, இங்கே வந்திருந்த மாமியார் கேட்டார்கள். இவர் பேப்பரில் இருந்து தலையைத் தூக்கவில்லை. “ஆமாங்க அத்தை, அவங்களோடதான்” என்று சொல்லிப்போட்டேன். கல்யாணம் ஆகி வந்ததில் இருந்து இந்தக் குடும்பத்தில் யாரையும் கேட்காமல் நான் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

அவள் ஓட்டத்தில் சுமார், பிடிவாதம் மட்டும் ஏராளம். அதற்குத் தகுந்த சோடியாகப் பார்த்து வை. திங்கட்கிழமை நானே கூட்டிக்கொண்டு வாரேன்.

உன்
லோகு