பருவம் முந்திய கடம்பங்கிளை

குன்றுகள் குளிர்க, குளங்கள் நிறைக, உழுவோர் கை ஓயாதிருக்க. வெண்பாறை நாட்டை அறம் பிறழாது ஆளும் பொலங்குழை மாதேவியாரின் திருவடி நிழலில் அமர்ந்து, பேரமைச்சன் கொற்றன் அறவாணன், மேற்கு மலைக் கணவாயைக் காக்கும் கல்வாயில் கோட்டைத் தலைவரும், ஏனாதிப் பட்டம் பெற்றவரும், என் தமக்கை பெற்ற மகனுமாகிய சேந்தன் பெருவிறலுக்கு விடுக்கும் ஓலை. உமது மதில்களுக்கும், அவற்றைக் காக்கும் முந்நூறு வீரர்க்கும் நலமே உண்டாகுக.

நீர் விடுத்த கடம்பங்கிளை நேற்று முற்பகல் அரண்மனை வாயிலை அடைந்தது. பூக்கள் உருண்டு திரண்டு மணத்தன. கணவாயில் முதற்கடம்பு பூத்து, அக்கிளை வந்து சேர்ந்த அன்றே முரசறைந்து, கோட்டை வீரரை நாற்பது நாள் உழவுக்கு அனுப்ப ஆணை விடுப்பது நம் முறை. கடம்பு பூத்ததெனில் மலையில் மழை இறங்கிவிட்டது, மலையாறு பெருகிக் கணவாயை அடைத்துவிட்டது, இனி வெள்ளமே காவல் என்று நம் முன்னோர் கண்ட வழக்கம் அது. எனினும் நேற்று முரசு முழங்கவில்லை. கிளை வந்த செய்தியும் வாயிற்காவலர் இருவரைத் தாண்டவில்லை. இரண்டையும் தடுத்தவன் யானே.

அமைச்சர் தம் நிழலையும் நிறுத்தி ஊர் பேர் கேட்பார் என்று மாதேவியார் என்னை நகைப்பதுண்டு. நகைக்கட்டும். என் வீட்டுக் கொல்லையிலும் ஒரு கடம்பு நிற்பதை நீர் அறிவீர். சிறு வயதில் அதில் ஏறி விழுந்து கை முறித்துக்கொண்டவர்தாமே. நாள்தோறும் விடியலில் அதனடியில் நின்றே யான் பல் துலக்குகிறேன். உமது கிளை இங்கு வருமுன்பே அது பச்சைப் பசேலென்று மொட்டு கட்டியிருப்பதை இருபது ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். இவ்வாண்டு ஒரு மொட்டும் இல்லை, இலையெல்லாம் புழுதி. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறவில்லை. தூக்கணாங்குருவிகள் கிணற்றோரத் தென்னைக்கு ஒரு நாரும் கொண்டு வரவில்லை. மேல்காற்று மண்ணை வாரி வருகிறதே ஒழிய, அதில் ஈரமில்லை. கிணற்றிலோ தண்ணீர் இன்னும் ஒரு படி கீழே போய்விட்டது. என் கொல்லைக்கும் உமது கோட்டைக்கும் இரண்டு நாள் நடைதானே. அதற்குள் பருவம் இப்படி மாறிவிடுமோ?

கிளையைச் சுற்றியிருந்த ஈரப்பாசியை யானே பிரித்தேன். உள்ளே ஓர் அட்டை உயிரோடு சுருண்டு கிடந்தது. வெயிலில் வெந்த பாறைமேல் நிற்கும் உமது கோட்டையில் அட்டை ஏது? மலைக்கு அப்பால், நமக்கு ஒரு திங்கள் முன்பே மழை காணும் பகைவர் காட்டில் அன்றோ அது ஊரும்.

கிளை கொணர்ந்த, துடிப்பறை கொட்டும் துடியனை அழைத்து வினவினேன். மலையாற்றில் கழுத்தளவு வெள்ளம் என்றும், கிளையைத் தலைமேல் பிடித்து நீந்தி வந்ததாகவும் மொழிந்தான். அவன் செருப்பு வாரோ காய்ந்து வெடித்து, மடிப்பெல்லாம் செம்மண். அதைச் சுட்டியதும் காலைப் பின்னிழுத்துக்கொண்டு, "கோட்டையில கொடுத்தாங்க, கொண்டாந்தேன் சாமி. எந்த மரமுன்னு கேக்க நான் யாரு?" என்றான். கொடுத்தவர் பெயரை இன்னும் சொல்லவில்லை. கிளையோடு வந்த ஓலையில் இருப்பது உமது முத்திரை.

பகைவர் உம்மைத் தம் பக்கம் வளைத்துவிட்டனரா, உமக்கு அருகிலிருப்போர் உம்மை ஏய்த்தனரா, யான் அறியேன். எதுவாயினும், கணவாயில் வெள்ளமும் இன்றி வீரரும் இன்றிப் போனால், ஒரே பகலில் பகைவர் குதிரைகள் நம் நாற்றங்காலில் மேயும். எனக்கு அச்சமாயிருக்கிறது; அதை மறைத்துப் பயனில்லை.

ஆதலின் மாதேவியார் ஆணை இது. ஒரு வீரனையும் கோட்டையைவிட்டு அனுப்பலாகாது. இவ்வோலைக்கு அரைநாள் பின்னே இருநூறு குதிரைவீரருடன் படைத்தலைவர் வருகிறார். வாயிலின் திறவுகோலை அவர் கையில் தந்து, அக்கிளை ஒடித்த மரத்தை அவருக்குக் காட்டுக. நம் எல்லைக்குள் பூத்து நிற்கும் ஒரே ஒரு கடம்பு போதும். யானே நடந்து வந்து, வீரர் முன்னிலையில் உம்மிடம் பிழை பொறுக்க வேண்டி, அமைச்சுப் பதவியை விட்டு நீங்குவேன். காட்ட இயலாதெனில், நாலாம் நாள் பொழுது சாயுமுன் வாளின்றித் தனியே தலைநகர் வந்து சேர்க. மலைக்கு அப்பால் ஓடினால் அதுவே உமது விடையாகக் கொள்ளப்படும்.

ஆனித் திங்கள் பதின்மூன்றாம் நாள், மாதேவியார் திருவாய்மொழிந்தபடி எழுதி, அவர் திருமுன்பே வேங்கை முத்திரை பொறித்து விடுத்தோம். நாடு நிலைபெறுக.

முத்திரைக்குக் கீழே நான் எழுதுவது உனக்கு மட்டும். உன் தாய் விதைநெல்லை வெயிலில் உலர்த்திவிட்டு, கிளை வந்ததா என்று இருமுறை கேட்டாள். வரவில்லை என்றேன். என் தமக்கையிடம் நான் சொன்ன முதல் பொய் அது. மரம் இருந்தால் காட்டிவிடு, ஐயா. இல்லையென்றால், தீர்ப்பை வேறொருவர் எழுதட்டும் என்று மாதேவியார் இரங்கிச் சொன்னார். உன் தாய் முகத்தில் நாளும் விழிக்க வேண்டியவன் நான். ஆகையால் என் கையாலேயே எழுதுவதாக வேண்டிப் பெற்றுக்கொண்டேன்.