காப்பைக் கை மாற்றிய வாரம்

மார்ச் 9, திங்கள்

நல்ல வெயில். ஈரமாகவே கிடந்த துணியெல்லாம் இன்றுதான் காய்ந்தது. சின்னவனுக்குத் தனிக் கொடி, தனி வாளி, தனிச் சோப்பு. தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் ராஜா வீட்டுப் பிள்ளை வளர்க்கிறேன்.

போன வாரம்தான் ரத்தம் ஏற்றியது. கன்னம் சிவந்திருக்கிறது. ஏற்றிவிட்டால் ஒரே ஆட்டம், என் மூக்கைக் கடிப்பது உட்பட. மாதக் கடைசியில் வெளுத்துப்போய்த் தோளில் சாய்ந்துகொள்வான். ஒன்றரை வயது. உடம்பில் தானாக ரத்தம் ஊறாத பிள்ளை. அக்காவின் எலும்பு மஜ்ஜையை ஏற்றினால் ஊறும் என்கிறார்கள். அக்கா என்றால் எங்கள் தர்ஷி, ஏழு வயது. அச்சாகப் பொருந்துகிறதாம். கொழும்பு ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கும்வரை இரண்டு பேருக்கும் காய்ச்சல், சளி, தடிமன் எதுவும் வரக்கூடாது. வந்தால் கட்டில் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். எங்கள் முறை மறுபடி எப்போதோ.

ஆகவே நான் வாசல் போலீஸ். பார்க்க வருகிறவர்கள் வாசலோடு சரி. சுவருக்கு அந்தப் பக்கம் ஜெயா அக்கா வீட்டில் யார் இருமினாலும் சுவரைத் தட்டுகிறேன். பாவம், இப்போது தலையணையில் முகத்தைப் புதைத்து இருமுகிறார்கள். அதுவும் கேட்கிறது.

குழாயடியில் ஜெயா அக்கா: "எலும்ப எடுத்துட்டா பொம்பளப் புள்ள நாளைக்கு எப்புடிம்மா நடக்கும்?"

"எலும்ப எடுக்கலக்கா. மயக்கம் குடுத்து, உள்ள இருக்குறத மட்டும் ஊசியில உறிஞ்சுவாங்க. திரும்ப ஊறிரும்."

"நல்லி எலும்புல இருக்குமே, அதா?"

"அதேதான்."

"அப்ப ஆட்டுக்கால் சூப்பு வச்சுக் குடு. சும்மா ஊறுமா?"

டொக்டர்கூட இவ்வளவு தைரியமாகச் சொல்லவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டு. பால்குடம் எடுக்க வேண்டும் என்று தர்ஷி ஒரே பிடிவாதம். கட்டில் கிடைக்க அடுத்த மாதம் ஆகும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் திருவிழா முடிந்துவிடுமே, சரி என்றேன். மாஸ்க்கோடு போய், தம்பிக்காக என்று சொல்லி மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்தாள். இனி திருவிழாக் கடைசி நாள் மஞ்சள் நீராட்டு வரை மீன் இல்லை, முட்டை இல்லை. காப்புக் கட்டியவர் தோட்ட எல்லையைத் தாண்டவும் கூடாது. மாஸ்க்கோடு அனுப்புகிற பள்ளிக்கூடம் எல்லைக்குள்ளேயே இருப்பதில் அவளுக்கு வருத்தம்.

வந்ததும் அதிகாரம். "எனக்கு இன்னொரு தடவ பாயாசம். நான் நல்லா சாப்பிட்டாத்தானே தம்பிக்கு ஊறும்?"

கொடுக்காமல் என்ன செய்வது.

மார்ச் 12, வியாழன்

போன்! கொழும்பிலிருந்து. கட்டில் முன்னாலேயே கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை இரண்டு பிள்ளைகளோடும் வரட்டாம். சிங்களத்தில் சொன்னார்கள். "ஹரி மிஸ், ஹரி மிஸ்" என்றேன், சரி என்பதைத் தவிர வேறு வார்த்தையே வரவில்லை. போனை வைத்துவிட்டு, அரிசி களைந்த தண்ணீரை அடுப்பில் ஊற்றினேன். அப்படி ஒரு சந்தோஷம்.

அப்புறம்தான் தர்ஷியின் கையைப் பார்த்தேன். மஞ்சள் கயிறு. திருவிழா முடிய இன்னும் ஒரு வாரம்.

அடக் கடவுளே. யாராவது என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தால் தேவலை.

இவர் நோர்வூட் டவுனில் ஓட்டோ சவாரியை விட்டுவிட்டு ஓடி வந்தார். சிரித்த முகம், கயிற்றைக் காட்டியதும் தொங்கிவிட்டது.

"காப்போட எப்புடி எல்ல தாண்டுறது?"

"அறுத்துட்டுப் போவோம்" என்றேன்.

"அறுக்குறதா! கன்னத்துல போட்டுக்க."

எனக்குச் சரியான கோபம். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாதே என்று எந்த அம்மன் சொல்வாள்? வாய்தான் இப்படி. உள்ளுக்குள் எனக்கும் பயம். நாளைக்கு அங்கே ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், கயிற்றை அறுத்ததால்தான் என்று சனம் சொல்லும். சனம் சொல்லாவிட்டாலும் நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன்.

மார்ச் 13, வெள்ளி

காலையில் பனி. கோயில் தலைவர் பெரியசாமி அண்ணன் வாசலில் வந்து நின்றார், மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு. மேலே இழுக்கச் சொன்னேன். இழுத்தார்.

"அண்ணே, நாங்க போனா அம்மன் கோவிச்சுக்குமா?"

"அம்மன் கோவிச்சுக்காதும்மா. சனந்தான் கோவிச்சுக்கும்."

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "வீட்டுல சாவு விழுந்தா, காப்ப அதே வீட்டு ஆளு ஒருத்தர் கையில மாத்திக் கட்டிட்டுப் போறது வழக்கம். சாவுக்கு மாத்தலாம்னா, பொழைக்கப் போற புள்ளைக்கு மாத்தக் கூடாதா? ஆனா ஒரே ரத்தமா இருக்கணும்."

கும்பிட்டேன். உண்மையாகவே இரண்டு கையும் எடுத்து.

ஒரே ரத்தம் என்றால் நான், இவர். இரண்டு பேரும் பிள்ளைகளோடு போயாக வேண்டும். மிச்சம் இருப்பது இவருடைய தம்பி மூர்த்தி. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. நல்ல மனுஷன், சாயங்காலம் ஆறு மணி வரைக்கும். காப்புக் கட்டினால் சாராயத்தைத் தொடக்கூடாது.

கேட்டதும், "நான் கட்டிக்கிறேன் அண்ணி." யோசிக்கவே இல்லை.

லயமே சிரித்தது. மூர்த்தி எத்தனை நாள் தாங்குவார் என்று வெற்றிலைப் பந்தயம் நடக்கிறது. இவரும் பந்தயம் கட்டியிருக்கிறார். எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டேன் என்கிறார்.

மார்ச் 14, சனி

மூர்த்தி கயிற்றை வாங்கிக்கொள்ள வாசலுக்கு வந்ததும் தர்ஷி கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "தர மாட்டேன். சித்தப்பா குடிப்பாரு. அம்மனுக்குக் கோவம் வந்தா தம்பிக்குத்தான் ஆவும்."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. மூர்த்தி முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

"நேத்துலேருந்து குடிக்கலடா தங்கம்."

"ஊதுங்க."

ரோட்டில் போலீஸ்காரர் நிறுத்தி ஊதச் சொல்வதைப் பார்த்திருக்கிறாள். கிட்டே போகாதே என்று நான் கத்தினேன். ஆகவே மூக்கு ஜெயா அக்காவுடையது. அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய் மோந்து பார்த்தார்கள்.

"வெத்தில வாசம் மட்டுந்தான்."

"இன்னொரு தடவ."

மூர்த்தி மறுபடி ஊதினார், கண் பிதுங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு இன்னொரு சோதனை. அதிலும் பாஸ்.

மார்ச் 15, ஞாயிறு

காலையில் மூன்றாவது சோதனை. பாஸ். தலைவர் முன்னிலையில் எங்கள் வாசலிலேயே தர்ஷியின் கயிறு அவிழ்ந்து மூர்த்தி கைக்குப் போனது. மூர்த்தி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பால்குடத்தையும் அவரே எடுப்பாராம். மீசை வைத்த ஆள், சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் சின்னக் குடத்தோடு. பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

பையில்: ரத்தப் பரிசோதனைக் காகிதங்கள், சுடுதண்ணீர்ப் போத்தல், சின்னவன் துணி (அவித்தது), தர்ஷியின் கலர் பென்சில், என் குளிர்ச் சட்டை. கொழும்பில் குளிர்ச் சட்டை எதற்கு என்கிறார் இவர். வெளியே எடுத்தேன். பிறகு உள்ளே வைத்தேன்.

மார்ச் 16, திங்கள்

விடியும்போதே வேனில். வட்டவளையில் ஒரே பனி, கண்ணாடியெல்லாம் மூடியபடி. கினிகத்தேனை வளைவுகளில் தர்ஷி வாந்தி. எனக்கு உயிரே போய்விட்டது. நெற்றியைத் தொட்டால் சுடுகிற மாதிரி. என் கைதான் சில்லிட்டிருக்கிறது என்றார் இவர். அவித்தெடுத்த துணியில் பாதி அங்கேயே காலி.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ் இரண்டு பேருக்கும் காய்ச்சல் பார்த்தார். நான் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "ஹொந்தய்" என்றார். நல்லா இருக்கிறதாம். காய்ச்சல் இல்லை. கட்டில் எங்களுக்குத்தான். அந்த இடத்திலேயே அவரைக் கட்டிப் பிடித்திருப்பேன், மாஸ்க் தடுத்தது.

மார்ச் 17, செவ்வாய்

சரியான வெக்கை. குளிர்ச் சட்டை சின்னவனுக்குத் தலையணை.

காலையில் மூர்த்தி போனில்: "அண்ணி, இன்னும் குடிக்கல. அவகிட்ட சொல்லுங்க." சொன்னேன். போனிலேயே ஊதச் சொன்னாள். ஊதினார்.

டொக்டர் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாம் விளக்கினார். முதலில் சின்னவனுக்குக் கடுமையான மருந்து, சில நாள். பிறகுதான் தர்ஷியிடம் எடுப்பார்கள். அவளுக்கு இடுப்பில் கொஞ்சம் வலிக்கும், போய்விடும். சின்னவனுக்கு எப்படி இருக்கும் என்பதை மெதுவாகச் சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

பிறகு தர்ஷியிடம், "துவ, பயத?" பயமா மகளே என்று. இல்லையென்று தலையாட்டினாள். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

"தம்பிக்கு நல்லானதுக்கப்புறம் நான் அவன அடிக்கலாமா?"

டொக்டருக்கு அதைச் சிங்களத்தில் சொன்னேன். சின்னவன் அவள் முடியைப் பிடித்து இழுப்பான், பள்ளிக்கூடக் கொப்பியைக் கிழிப்பான், முகத்தில் அறைவான். நாங்கள் ஒவ்வொரு தடவையும் அவளைத்தான் பிடித்துத் தள்ளி நிறுத்தியிருக்கிறோம், தொடாதே, அவனுக்கு உடம்பு முடியாது என்று.

டொக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "புளுவன், புளுவன்." அடிக்கலாமாம்.

அடி மகளே. இவனும் திருப்பி அடிக்கட்டும். இரண்டு பேரையும் விலக்க முடியாமல் நான் தொண்டை கிழியக் கத்த வேண்டும்.