பக்கத்து எஞ்சினின் எண்ணெய்

குவானிஷின் அப்பாவுக்கு,

அன்று பணிமனையில் நான், ஆய்வகத்து ரவ்ஷான், ரயில் எஞ்சின் ஓட்டும் நம் மகன் குவானிஷ், உங்கள் தம்பி ஒரின்பாய், நாலு பேரும் இருந்தோம். உங்கள் இருமல் தணிந்ததா? பதறாமல் படியுங்கள்.

எஞ்சின் கிளம்பும் முன் அதன் எண்ணெயைப் புட்டியில் பிடித்து ரவ்ஷானிடம் சோதிக்கக் கொடுப்பதுதான் ஒரின்பாயின் வேலை. புட்டி கழுவுவது நான். எண்ணெய் சுத்தம் என்றாள் ரவ்ஷான். மகனும் கிளம்பினான். பனிவெளி நடுவே எஞ்சின் நின்றுபோனது. இழுத்து வந்து திறந்தால், உள்ளே தண்ணீர் கலந்து, எண்ணெய் பால் தேநீர்போல் வெளுத்துக் கிடக்கிறது!

“பக்கத்து எஞ்சின்ல பிடிச்சேன் அண்ணி. அதுதான் கொட்டகைக்குள்ள நின்னுச்சு. வெளியில என்னா குளிரு!” என்கிறான் ஒரின்பாய்.

“உன் அண்ணன் பிள்ளை பனியில நின்னானே, அவனுக்குக் குளிராதாடா?”

“விடும்மா, சித்தப்பாதானே” என்று மகன் சிரிக்கிறான். அவனுக்கு ஒன்றுமில்லை. காது நுனிதான் குளிரில் கறுத்திருக்கிறது, குல்லாவில் மறைந்துவிடும். பேத்தியிடம் சொல்லாதீர்கள்.

எனக்குக் கம்பளிக் காலுறை அனுப்புங்கள். நீங்கள் போட்டுப் பழசானதே போதும். உலர்ந்த தயிர் உருண்டைகளை எனக்கும் மகனுக்கும் மட்டும் கட்டுங்கள். தம்பி பாவம் என்று எழுதாதீர்கள். தபால் வண்டி ஊதுகிறது. யாரை மன்னித்தாலும் மன்னிப்பேன், ஒரின்பாயை மாட்டேன்.