மஞ்சள் தொப்பி வண்டி

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாமா நன்றாக இருக்கிறார். பக்கத்து அறையிலிருந்து குறட்டைச் சத்தம் கேட்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

அப்பாவுக்கு ஞாபகம் தவறுகிறது, வாசல்படி தாண்ட விடாதே என்று படித்துப் படித்துச் சொன்னீர்கள். நான்தான் கேட்கவில்லை. நாலு மாதமாக ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவில் போகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டிருக்கும் மனிதரைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் சுற்றுலாப் பேருந்தில் அழைத்துப் போனேன். உங்கள் தம்பிக்கு அன்றும் வேலை.

முதலில் பெரிய ஆலயம். எள் விழ இடமில்லாத கூட்டம். யாரும் தவறிவிடக் கூடாதென்று வழிகாட்டி அம்மா எல்லோர் தலையிலும் மஞ்சள் தொப்பி மாட்டியிருந்தார். திரும்பி வண்டி ஏறும்போது தொப்பிகளை எண்ணினார். முப்பத்திரண்டு, சரி, புறப்படலாம் என்றார். சாலையைப் பார்க்க வேண்டுமென்று மாமா காலையிலிருந்தே முன் இருக்கையில். நான் இரண்டு வரிசை பின்னால்; அங்கிருந்து தொப்பி மட்டும்தான் தெரியும்.

பாதி வழியில் தண்ணீர் கொடுக்க எழுந்து போனேன். தொப்பி திரும்பியது. பெரிய மீசையோடு முன்பின் தெரியாத ஒருவர்! அவருக்குக் காதும் கேட்காது. சிரித்த முகமாகத் தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

வேறு சுற்றுலாக்காரர்களும் அதே மஞ்சள் தொப்பியைக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் ஆள் எங்கள் வண்டியில். மாமா அவர்கள் வண்டியில் ஏறினாரா, கூட்டத்திலேயே நின்றுவிட்டாரா, யாருக்குத் தெரியும்? “கணக்கு சரியாத்தானே இருந்துச்சு” என்று வழிகாட்டி அம்மா கையைப் பிசைந்தார். வண்டியைத் திருப்ப வழியில்லை. எல்லா வண்டியும் அடுத்து கோட்டைக்குத்தான் வரும் என்றார் ஓட்டுநர். அந்த அரைமணி நேரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாமாவின் சட்டைப்பையில் விலாசம் எழுதி வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லையே, அண்ணி!

கோட்டை வாசலில் வண்டிகள் தாறுமாறாக நின்றன. பின்னால் எடுக்க முடியாமல் ஒரு பேருந்து நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஒரு மஞ்சள் தொப்பி. வண்டியின் பக்கவாட்டில் தட்டித் தட்டி, “வரட்டும், வரட்டும்... இடது பக்கம் ஒடி... போதும், நிறுத்து!” என்று அதட்டல். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர் குரல் வேறு யாருடையதாக இருக்கும்? “பெருசு இல்லேன்னா சாயங்காலம் வரைக்கும் இங்கேயே கிடந்திருப்பேன்” என்றார் அந்த வண்டி ஓட்டுநர். நான் வெட்கம்கெட்டு நட்டநடுவில் நின்று அழுதேன். போன உயிர் திரும்பி வந்தது. மாமா வந்ததும் அந்த வண்டியில்தான்; அதிலிருந்த மகளிடம் மீசைக்காரரை ஒப்படைத்தோம். அதன்பிறகு கோட்டையில் என்ன பார்த்தாய், அடுத்துப் போன அரண்மனையில் என்ன பார்த்தாய் என்று என்னைக் கேட்காதீர்கள். மாமாவின் கையைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை.

செய்தது தப்புத்தான். திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இனி விலாசமும் போன் நம்பரும் சட்டைப்பையில் இல்லாமல் வெளியே கூட்டிப் போக மாட்டேன். நீங்கள் அனுப்பிய முதியோர் இல்லத்து விண்ணப்பம் மேசைமேல் இருக்கிறது. உங்கள் தம்பி இன்னும் அதைத் தொடவில்லை. உங்கள் கையெழுத்தும் வேண்டுமாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்ததும் மாமா என் முகத்தை உற்றுப் பார்த்தார். “எங்கடி போயிட்ட பட்டு? அப்பா உன்னைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்” என்றார். பட்டு என்று அவர் கூப்பிட்டது உங்களை மட்டும்தானே? எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. “இதோ வந்துட்டேன்ப்பா” என்று சொல்லிவிட்டேன். அந்த முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் இடத்தில் நின்று சொன்னதற்கு மன்னித்துவிடுங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு தடவை வந்து, அதை நீங்களே அவரிடம் சொல்லுங்கள் அண்ணி.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
தம்பி மனைவி