கண்ணாடி டாக்டருக்குக் குறைத்த மார்க்

மதிப்பிற்குரிய பெரிய டாக்டர் ஐயா அவர்களுக்கு, போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பிள்ளைகளுக்கு நீங்கள் வைத்த பரீட்சையில், நோயாளியாக மூன்றாம் கட்டிலில் உட்கார்ந்திருந்த டைல்ஸ் வேலைக்காரன் வணக்கத்துடன் சொல்வது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரி எழுதுகிறாள்.

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். இங்கே எங்கள் மகளுக்கு இது பிரசவ மாதம். துணைக்கு இவள் திங்கட்கிழமை கிளம்புகிறாள். பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது.

ஐயா, முப்பத்தொரு வருஷம் முட்டிபோட்டுத் தரை ஒட்டினவன் நான். இடுப்பிலிருந்து இடது கால்வரை ஆறு வருஷமாக வலி. இதுவரை பார்த்த டாக்டர்கள் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள், வயசாயிடுச்சு பெரியவரே என்பார்கள், மாத்திரை எழுதுவார்கள். முகத்தைப் பார்த்ததில்லை. நீங்கள் மூன்று மாதம் தங்கி, வலியைப் பார்க்கக் கற்றுக்கொடுத்த பிள்ளைகள் அப்படியில்லை. அதிலும் அந்தக் கண்ணாடி போட்ட டாக்டர் பொண்ணு படத்தை உறையிலிருந்து எடுக்கவேயில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்து, இந்த வலி வந்தப்புறம் என்னென்ன செய்றத விட்டுட்டீங்க என்று கேட்டாள்.

ஆறு வருஷத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. ஆனாலும், எதையும் விடலைம்மா என்றேன். பத்துக்கு எவ்வளவு வலி என்றாள். ரெண்டு என்றேன். அவள் எட்டு என்று எழுதினாள்.

இவள் மருந்து வாங்கப் போன நேரத்தில் நீங்கள் வந்தீர்கள். உட்காரும்போது ரெண்டு கையையும் ஊன்றினார், பதில் சொல்லுமுன் பக்கத்தில் நின்ற அவர் வீட்டம்மாவைப் பார்த்தார் என்று அந்தப் பொண்ணு விளக்கினாள். நோயாளி சொல்வதை நம்பு, நீயாகக் கூட்டாதே என்று மார்க்கைக் குறைத்துவிட்டீர்கள். அவள் திரும்பப் பரீட்சை எழுத வேண்டுமாம், நர்சம்மா சொன்னார். உங்கள் பாடம் சரிதான் ஐயா. நான் சொன்னதுதான் பொய்.

பத்துக்கு எட்டுதான். சில நாள் ஒன்பது. குளிக்கும்போது கால் மரத்துப்போய்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இந்த வயசில் பாட்டு வேறயா என்று இவள் கிண்டல் செய்வாள். முனகல் வெளியே கேட்காமல் இருக்கத்தான் பாடுகிறேன். தெரிந்தால் இவள் மகளிடம் போகமாட்டாள்.

நர்சம்மாவை வைத்து எழுதியிருக்கலாம். ஆனால் அந்தப் பொண்ணு இவள் முன்னால்தான் கேட்டாள். பதிலும் இவள் முன்னால்தானே சொல்ல வேண்டும்.

பாட்டு விஷயம் வந்ததும் இவள் பேனாவை வைத்துவிட்டு உள்ளே போனாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து, ம், சொல்லுங்க என்றாள். அவ்வளவுதான்.

குறைத்த மார்க்கைத் தந்துவிடுங்கள் ஐயா. அந்தப் பிள்ளை கை வைக்கிற இடத்திலெல்லாம் வலி இறங்கட்டும்.

இவள் ஒரு வரி தானாக எழுதுகிறாளாம்: திங்கட்கிழமை வண்டி சாயங்காலம்தான். காலையில் இவரை அந்தக் கண்ணாடி டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன். அதற்குள் அந்தப் பொண்ணைப் பாஸ் பண்ணிவிடுங்கள்.

இப்படிக்கு,
இடது பெருவிரல் ரேகை